புதுச்சேரியிலிருந்து அழைத்தால் சரியாக 32 விநாடியில் கட், குரலும் ஒரு பக்கம்தான்

முதுநகர் மகள்:
வணக்கம். கடலூர் முதுநகரில் எங்களுக்குப் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை. கிளை தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில்; அங்கே அப்பா உட்காருகிறார். இங்கே பழைய கணினியில் ஃப்ரீபிபிஎக்ஸ் (அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்) போட்டு, இரண்டு கடையிலும் ஐபி போன் (இணையம் வழி பேசும் போன்) வைத்தேன். இங்கே ஸ்டேடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) உண்டு. ரூட்டரில் அழைப்புக்கு யுடிபி போர்ட் 5060, குரலுக்கு 10000 முதல் 20000 வரை திறந்தாயிற்று.

அப்பா அழைத்தால் மணி அடிக்கிறது, எடுக்கிறேன். நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது. அவர் குரல் எனக்கு வருவதில்லை. "கேக்கலப்பா" என்றால் இன்னும் சத்தமாகப் பேசுகிறார், பாவம். அப்புறம் கட். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் 32 விநாடி.

கெடிலக்கரை:
அந்த 32 விநாடிதான் துப்பு. நீங்கள் எடுத்ததும் உங்கள் கணினி '200 ஓகே' அனுப்பும். அப்பாவின் போன் 'ஏக்' என்று பதில் தர வேண்டும். 32 விநாடி வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, வராவிட்டால் அறுத்துவிடும். பதில் ஏன் வரவில்லை? கணினி தன் முகவரியை 192.168 என்று தொடங்கும் கடைக்குள் முகவரியாகவே சொல்லி அனுப்புகிறது. புதுச்சேரியிலிருந்து அந்த முகவரிக்கு வழி கிடையாது. அப்பாவின் குரலும் அங்கேதான் போய்த் தொலைகிறது.

ஃப்ரீபிபிஎக்ஸில் சிப் (அழைப்பை இணைக்கும் நெறிமுறை) அமைப்பில் 'எக்ஸ்டெர்னல் அட்ரஸ்' கட்டத்தில் ஸ்டேடிக் ஐபியைப் போடுங்கள். 'லோக்கல் நெட்வொர்க்ஸ்' கட்டத்தில் கடை நெட்வொர்க். இரண்டு ரூட்டரிலும் சிப் செய்திகளைத் தானே திருத்தும் 'சிப் ஏஎல்ஜி' இருந்தால் அணைத்துவிடுங்கள்.

முதுநகர் மகள்:
அண்ணா, 20 நிமிடம் பேசினோம், கட் ஆகவில்லை! ரொம்ப நன்றி.

ஆனால் மாலை 6 மணிக்கு மேல் அப்பாவின் குரல் உடைகிறது. டைனமோவுக்கு 6305 பேரிங் கேட்டிருக்கிறார், என் காதில் 6205 என்று விழுந்தது. உள் துளை இரண்டுக்கும் 25 மி.மீ.தான். வெளி விட்டம் 62 இருக்க வேண்டிய இடத்தில் 52. பஸ்ஸில் போட்டு அனுப்பி, அங்கே மாட்டினால் லொடலொட. அந்தப் படகுக்காரருக்கு ஒரு நாள் தொழில் போனது. எனக்கு மனசே ஆறவில்லை. குரலைச் சுருக்கி அனுப்பும் முறையை (கோடெக்) ஜி.729க்கு மாற்றினால் சரியாகுமா?

லாஸ்பேட்டை ரூட்டர்:
வேண்டாம் அக்கா. வழக்கமான கோடெக் ஜி.711 ஒரு திசைக்கு விநாடிக்கு 64 கிலோபிட், பொட்டலத் தலைப்பெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 87. ஃபைபருக்கு இது ஒரு பாரமே இல்லை. ஜி.729 அதை 8 ஆக நசுக்கும். நாள் முழுக்க எண் சொல்கிற கடைக்கு அது ஆகாது. போன் ஜி.722 தாங்கினால் அதையே முதலில் வையுங்கள். அதே 64 கிலோபிட்தான், ஆனால் 7000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வரும்.

மாலையில் மட்டும் உடைகிறது என்றால் வேறு ஏதோ அப்லோடை அடைக்கிறது. குரல் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக, விநாடிக்கு 50 பொட்டலம் போகிறது. கொஞ்சம் வரிசையில் சிக்கினாலே 'மூணு' 'ரெண்டு' ஆகிவிடும். அப்பா கடையில் கேமரா இருக்கிறதா?

இன்னொன்று: 5060ஐ உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகிக்கிறவர்கள் இரவு பகலாகத் தட்டுவார்கள். இரண்டு கடைக்கும் நடுவே வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) போடுங்கள். ஒரு முனையில் ஸ்டேடிக் ஐபி இருந்தாலே போதும். இரண்டு கடையும் 192.168.1 என்றே இருந்தால் ஒன்றை மாற்றுங்கள்; அப்பா கடை நெட்வொர்க்கையும் 'லோக்கல் நெட்வொர்க்ஸ்' கட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

முதுநகர் மகள்:
கேமராதான்! அன்றைய பதிவை 6 மணிக்குத்தான் மேலே ஏற்றத் தொடங்குகிறது. இரவு 11க்கு மாற்றினேன். வயர்கார்டும் போட்டு, 5060ஐ மூடிவிட்டேன். ஜி.722 வைத்ததும் அப்பாவுக்குப் பின்னால் படகு எஞ்சின் ஓடுவதுகூடக் கேட்கிறது. எண்ணை அவர் ஒரு தடவை சொன்னால் போதும், எழுதிக்கொள்கிறேன்.