டைல்ஸைத் தட்டினால் டொப் டொப் என்கிறது, மொத்தத்தையும் பெயர்க்க வேண்டுமா?

உறையூர்வாசி:
திருச்சியில் வீட்டு வேலை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. ஹாலில் 4-க்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் (கெட்டியாகச் சுட்ட ரகம்), அட்ஹெசிவ் (டைல் பசை) வைத்து ஒட்டியது. படுக்கையறைகளில் 2-க்கு 2, பழைய முறைப்படி சிமெண்ட் கலவை. கல் இடுக்கை அடைக்கும் க்ரவுட் போட்டாயிற்று, சுவர் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை இன்னும் போடவில்லை. போன வாரம் கார்பெண்டர் ஏணியை நகர்த்தும்போது ஒரு இடத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்டது. சாவிக்கொத்தை எடுத்துத் தட்டிக்கொண்டே போனால் ஹாலில் ஐந்தில் ஒரு கல்லாவது உள்ளே காலி. சிலவற்றில் மூலை மட்டும், சிலவற்றில் நடுவில், ஜன்னல் ஓரம் இரண்டு கல் முழுக்கவே பொக்கு. கொத்தனாரைக் கேட்டால் "பெரிய கல்லு சார், அப்படித்தான் இருக்கும், சாமான் வந்துட்டா சத்தம் போயிடும்" என்கிறார். மாமனார் எல்லாவற்றையும் உடைத்துப் போடு என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். கூலியில் இன்னும் பாக்கி இருக்கிறது, அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

மட்டக்கோல்:
மதுரைப் பக்கம் இதே வேலைதான் செய்கிறேன். சாமான் வந்தால் சத்தம் போவது உண்மை தம்பி, காலியிடம் எங்கேயும் போகாது. உங்கள் ஹாலில் மூலை மூலையாகக் காலி என்றால் பொட்டு வைத்து ஒட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நாலு மூலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி நாலு உருண்டை, நடுவில் ஒன்று, மேலே கல்லை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் பார்ப்பது. வேலை ஓடும், அட்ஹெசிவும் மிச்சமாகும். ஆனால் உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே வெறும் காற்றுதான். மூலையில் ஒரு கேஸ் சிலிண்டரை டம்மென்று இறக்கினால் அந்த மூலை தெறித்துவிடும்.

சரியாகச் செய்தால் இப்படி: தளத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு, முதலில் கரண்டியின் தட்டைப் பக்கத்தால் அட்ஹெசிவைத் தளத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்புறம் பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் நேர்கோடாகச் சீவ வேண்டும், இந்த அளவுக் கல்லுக்கு 10 அல்லது 12 மி.மீ. பல். சிலர் அரைவட்டமாகச் சீவுவார்கள், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கல்லின் பின்பக்கத்திலும் மெல்லிசாக ஒரு பூச்சு. கல்லை வைத்ததும் கோடுகளுக்குக் குறுக்கே லேசாக முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்தினால்தான் கோடுகள் சாய்ந்து ஒன்றோடொன்று சேரும், காற்றும் வெளியே போகும். முதல் இரண்டு மூன்று கல்லை அப்படியே எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் மேலே போவேன்.

புதுக்கல்லின் முதுகில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? சூளை உருளையில் கல் ஒட்டக்கூடாது என்று ஃபேக்டரியில் பூசுவது. ஈரத்துணியால் ஒரு துடை துடைக்காமல் ஒட்டினால் அட்ஹெசிவ் அந்த மாவைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது.

ஜன்னல் ஓரத்துக் கல்லில் எனக்கு வேறு சந்தேகம். அங்கே மதியம் வெயில் விழுமா?

உறையூர்வாசி:
மேற்குப் பார்த்த ஜன்னல் அண்ணா. நல்ல வெயில்.

மட்டக்கோல்:
அப்போது சீவிவிட்டுப் போட்டதை வெயில் காய வைத்திருக்கும். சீவிய அட்ஹெசிவுக்குப் பொதுவாக 20 நிமிடம்தான் கணக்கு, வெயிலும் காற்றும் இருந்தால் அதுவும் கிடையாது. மேலே ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். டீ குடிக்கப் போய்விட்டு வந்து அதன் மேலேயே கல்லை வைத்தால் ஒட்டாது.

கட்டடப்பொறியாளன்:
மாமனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பொக்கென்று கேட்கும் கல் எல்லாம் கெட்ட கல் இல்லை. உலகத்தில் எங்கேயும் நூறு சதவீதம் ஒட்டியிருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. அமெரிக்கத் தரக்குறிப்பில்கூட வீட்டுக்குள் ஈரம் படாத இடத்தில் 80 சதவீதம், குளியலறை மாதிரி ஈரமான இடத்திலும் வெளிப்புறத்திலும் 95 சதவீதம் என்றுதான் இருக்கிறது. விடுபட்ட பகுதி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். நடுவில் உள்ளங்கை அகலம் காலியாக இருந்து நாலு மூலையும் கெட்டியாக இருந்தால் நான் தொடவே மாட்டேன். மூலையோ ஓரமோ காலி என்றால் யோசிப்பேன், அதுவும் ஆள் நடமாட்டம், சோபா கால், பீரோ வரும் இடமாக இருந்தால்.

சாவியால் தட்டுவதை விட ஒரு மரக்கட்டையோ கரண்டிப் பிடியோ நல்லது, சத்தம் தெளிவாகப் பிரிந்து கேட்கும். ஒவ்வொரு கல்லிலும் நாலு மூலை, நாலு ஓரம், நடு என்று தட்டி, காலியான இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு ஆளை மூலையில் ஏறி நிற்கச் சொல்லி, பக்கத்துக் கல்லோடு சேரும் கோட்டில் விரல் வைத்துப் பாருங்கள். கல் அசைந்தாலோ க்ரவுட் பொடிந்து வந்தாலோ அதற்கு மேல் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

படுக்கையறை வேறு கதை. விட்ரிஃபைடு கல் தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் காலச் செராமிக் கல்லை ஊறவைத்து, சிமெண்ட் பால் ஊற்றி வைத்தால் அது பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், விட்ரிஃபைடு அப்படிப் பிடிக்காது. இதை ஊறவைத்தும் பயன் இல்லை. அப்புறம் காலையில் குழைத்த கலவையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தெளித்துக் கிளறிப் போடுவார்கள் பாருங்கள், அது இன்னொரு வியாதி. சில நேரம் கல் கலவையை நன்றாகவே பிடித்திருக்கும், கலவைதான் கீழே கான்கிரீட்டை விட்டிருக்கும், அப்போது ஒரு கல் மட்டும் இல்லாமல் பரவலாகக் கனத்த சத்தம் கேட்கும். கல் அசையாதவரை அதற்காக அறையையே கொத்திப்போட வேண்டாம்.

அட்ஹெசிவ் பை ஏதாவது மிச்சம் இருந்தால் பாருங்கள். ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரக்குறிப்பின்படி வகை எண் போட்டிருப்பார்கள். வகை 1 சாதாரணச் செராமிக்குக்குத்தான், உங்கள் ஹால் கல்லுக்கு வகை 2 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

சிராங்கூன்_தமிழன்:
ஒன்றை யாரும் கேட்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி எவ்வளவு? சுவர் ஓரத்தில்? இங்கே சிங்கப்பூரில் 2018 ஜனவரியில் மழை விடாமல் பெய்து குளிர்ந்தபோது பல வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் தரைக்கல் கூடாரம் மாதிரி எழும்பி வெடித்தது. பழைய வீடு, புது வீடு என்று பார்க்கவில்லை. ஒட்டு பலவீனமாக இருந்து, விரிந்து சுருங்க இடமும் இல்லாவிட்டால் கல் மேலேதான் கிளம்பும்.

உறையூர்வாசி:
பை கிடைத்தது, வகை 2 தான். ஹாலில் கல்லுக்கு நடுவே ஸ்பேசர் எல்லாம் வைத்து 2 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஆனால் சுவர் ஓரம் சும்மா முட்டிக்கொண்டுதான் நிற்கிறது, இடையில் சிமெண்டை வேறு அடைத்திருக்கிறார்கள். சாக்பீஸ் குறி போட்டு முடித்தேன். நடுவில் மட்டும் காலி என்பது பாதிக்கு மேல். மூலை காலியானது ஏழெட்டு. ஜன்னல் ஓரத்து இரண்டும் ஏறி நின்றால் லேசாக ஆடுகின்றன. யூடியூபில் ஒருவர் க்ரவுட் கோட்டில் ஓட்டை போட்டு ஊசியால் எபாக்சி பசை ஏற்றுகிறார், அது சரியா?

மட்டக்கோல்:
ஏற்றலாம், ஆனால் உள்ளே எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. மூலை மட்டும் காலியான, அசையாத கல்லுக்குச் செய்து பாருங்கள், தண்ணீர் மாதிரி ஓடும் எபாக்சியாக இருக்க வேண்டும், வழிந்ததை உடனே துடைக்க வேண்டும். உள்ளே தூசியோ கல் முதுகில் அந்த வெள்ளை மாவோ இருந்தால் எபாக்சி கெட்டியாகிச் சத்தம் நிற்கும், பிடிப்பு வராது. ஆடும் கல்லுக்கு இதெல்லாம் வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது முதலில் கட்டிங் மிஷினால் சுற்றியுள்ள க்ரவுட்டை முழுக்க அறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் நடுவில் உடைத்து ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்தில் உளி வைத்து நெம்பினால் பக்கத்துக் கல் உதடு போய்விடும். அடியில் பழைய அட்ஹெசிவை மொத்தமாகக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே புதுக்கல் வைத்தால் மட்டம் தூக்கி நிற்கும்.

சிராங்கூன்_தமிழன்:
ஸ்கர்ட்டிங் போடாதது நல்லதாகப் போயிற்று. அதே மிஷினால் சுவர் ஓரம் முழுக்க 5, 6 மி.மீ. அறுத்துச் சிமெண்டைச் சுரண்டிவிடுங்கள். சிலிக்கோன் வைக்கலாம், சும்மாவும் விடலாம், ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். மறுபடி சிமெண்டால் அடைக்க மட்டும் விடாதீர்கள்.

உறையூர்வாசி:
இன்று ஜன்னல் ஓரத்துக் கல்லை எடுத்தோம். நெம்பாமலேயே முழுசாக வந்துவிட்டது. கீழே கரண்டி சீவிய கோடு கலையாமல் அப்படியே நிற்கிறது, கல் முதுகு சுத்தமாக இருக்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூலை காலியானவற்றையும் அவர் செலவிலேயே மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார், பாக்கியை அது முடிந்தபின் வாங்கிக்கொள்கிறாராம். மிச்சம் இரண்டு பெட்டி இருக்கிறது, போதுமா என்றுதான் தெரியவில்லை.

கட்டடப்பொறியாளன்:
4-க்கு 2 என்றால் பெட்டிக்கு இரண்டு கல்தான் வரும், போதாது. பெட்டியின் பக்கவாட்டில் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் அச்சடித்திருக்கும், அதைப் போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு இன்றே அனுப்புங்கள். டைல்ஸ் செய்யும் குஜராத்தின் மோர்பியிலிருந்து அடுத்த லோடு வந்துவிட்டால் அதே பெயரில் வேறு நிறம் வரும். கிடைக்காவிட்டால் பீரோ வரும் இடத்துக் கல்லை எடுத்து ஹால் நடுவில் போட்டுவிட்டு, வேறு பேட்ச் கல்லைப் பீரோவுக்கு அடியில் போடச் சொல்லுங்கள்.