14 மாத லாப்ரடார் பின்னங்காலை நொண்டுகிறான், செங்கோட்டை

எங்கள் லாப்ரடார் ஆண், 34 கிலோ. மூன்று வாரமாக இடது பின்னங்காலை நொண்டுகிறான். படுத்து எழும்போதுதான் அதிகம். கொஞ்சம் நடந்தால் குறைகிறது. ஓடும்போது முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தாவுகிறான். பந்தைக் கண்டால் நிற்காத பிள்ளை, இப்போது இரண்டு தடவையிலேயே உட்கார்ந்துவிடுகிறான். பார்க்க மனசு கேட்கவில்லை.

பாதத்தில் முள், காயம் எதுவும் இல்லை. டாக்டர் 5 நாள் வலி மருந்து கொடுத்தார். நிறுத்தியதும் பழையபடி நொண்டல். மாடிப்படி ஏற விடுவதில்லை, டைல்ஸ் தரையில் சாக்கு விரித்தாயிற்று. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும், மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுங்கள் என்கிறார். அவரிடம் அந்த வசதி இல்லை.

திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியா, ஆரியங்காவு தாண்டி கொல்லம் பக்கமா: நாய்க்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தவர்கள் எங்கே போனீர்கள்?