ஈரம் பட்டதும் எலாஸ்டினின் காபன்-13 சிக்னல் மறைகிறது: உதவி தேவை

கேள்வி (கண்டி):
மாட்டின் பிடரியில் எலும்புகளை இணைக்கும் நாரிலிருந்து எடுத்த எலாஸ்டின் (இழுபடும் புரதம்). 0.1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டில் 95 பாகையில் 45 நிமிடம் வைத்து, கழுவி, உறையுலர்த்தியது. திண்மநிலை என்.எம்.ஆர். (அணுக்காந்தப் பரிவு) அளவீடு: 4 மி.மீ. ரோட்டர் (மாதிரியை வைத்துச் சுழற்றும் குழல்), 10 கிலோஹேட்ஸ் சுழற்சி, சி.பி. முறை (புரோத்தனின் காந்தமாக்கலைக் காபனுக்குக் கைமாற்றிச் சிக்னலைக் கூட்டுவது). உலர்ந்தால் நல்ல நிறமாலை. 50 மி.கி.க்கு 30 மைக்ரோலீட்டர் நீர் விட்டால், 25 பாகையில் எல்லாமே ஏறக்குறைய மறைகிறது. ப்ரோப் (ரோட்டரை வைத்துச் சிக்னல் எடுக்கும் பகுதி) பிழையா, மாதிரி கெட்டதா?

பதில் 1:
இரண்டும் இல்லை. நீர் சேர்ந்ததும் சங்கிலி அசையத் தொடங்குகிறது. இறப்பர்போல் இழுபடுவதற்கே அந்த அசைவுதான் காரணம். சி.பி. முறையோ புரோத்தனுக்கும் காபனுக்கும் இடையிலான இருமுனைக் காந்த இணைப்பை நம்பியது. அசைவு அதைச் சராசரியாக்கிவிட்டால் காபனுக்குக் கைமாற்ற ஒன்றும் மிஞ்சாது. காபனுக்கே நேராக 90 பாகைக் கோணத் துடிப்பு (வானொலி அலைத் துடிப்பு) கொடுத்துப் பாருங்கள். துடிப்புகளுக்கு இடைவேளை முதலில் 10 செக்கன். இரட்டிப்பாக்கியும் உயரம் கூடாவிட்டால் போதுமானது. சி.பி. தரும் ஏறக்குறைய நாலு மடங்கு ஆதாயம் இங்கே இல்லை, ஆகவே ஓர் இரவு முழுவதும் ஸ்கேன் சேர்க்க வேண்டும். இன்னொரு வழி: -30 பாகைக்குக் குளிரவையுங்கள், சி.பி. சிக்னல் திரும்பும். ஆனால் கோடுகள் அகலும்.

கேள்வி:
நன்றி அண்ணா, நேரடித் துடிப்பில் வந்தது. அலனின் (ஓர் அமினோ அமிலம்) மெதைல் உச்சி 17.5 பிபிஎம்மில் (நிறமாலை அச்சின் அலகு) நிற்கிறது. சங்கிலி அங்கே சுருளியா, ஒழுங்கற்றதா?

பதில் 2:
தங்கச்சி, முதலில் அளவுகோலைச் சொல்லுங்கள். அளவுகோலைச் சரிசெய்யப் பயன்படும் அடமந்தேனின் CH₂ உச்சியை 38.48 என வைத்தால் அது டி.எம்.எஸ். அளவுகோல், 40.48 என்றால் டி.எஸ்.எஸ். (இரண்டும் பூச்சியமாக வைக்கும் சேர்வைகளின் பெயர்கள்). இந்த 2 பிபிஎம் வித்தியாசமே உங்கள் முடிவைத் தலைகீழாக்கும். டி.எம்.எஸ். என்றால் சுருளி 15–16, ஒழுங்கற்றது 17 சுற்றுவட்டம், பீட்டா (நீட்டிய தாள் வடிவம்) 20 அளவில். அந்த அளவுகோலில் 17.5 சுருளியல்ல. டி.எஸ்.எஸ். என்றால் அதே 17.5 சுருளிக்குள் விழும். அலனின் செறிந்த குறுக்குப் பிணைப்புப் பகுதிகள்தான் சுருளியாகும், அதை மறக்கவேண்டாம்.

இன்னும் இரண்டு. 71 பிபிஎம்மில் பெரிய உச்சி இருந்தால் கொலாஜன் என்ற வேறு புரதம் மிச்சம். 30 பிபிஎம்மில் ஒடுங்கிய உச்சி இருந்தால் கொழுப்பு, அசற்றோனில் கழுவுங்கள்.

பதில் 1:
ரோட்டரை முன்னும் பின்னும் நிறுங்கள். சுழற்சி உராய்வு சூடாக்கும், மூடி வழியே நீர் கசியும். சூடேறினால் எலாஸ்டின் தானே சுருங்கி நீரைத் தள்ளும். உண்மை வெப்பநிலைக்கு ஈய நைத்திரேற்று வைத்து அளவிடுங்கள், அதன் ஈயச் சிக்னல் பாகைக்கு 0.75 பிபிஎம் நகரும். மலைநாட்டு மழைக் குளிரில் உலர்தூளைத் திறந்துவைத்தால் காற்றிலேயே ஈரம் இழுக்கும். ஈரம் உறிஞ்சும் பொஸ்பரஸ் பென்டொக்சைட்டின் மேல், மூடிய கலத்தில், எடை மாறாதவரை வையுங்கள். அளவீடு வேறிடத்தில் என்றால் உலர்ந்தபடியே அனுப்பி, அங்கேயே நீர் சேருங்கள்.