பண்டத்தைக் கீழ்த்தட்டுல வச்சது தப்பா?

வில்லாபுரம் அம்மா:
ஒரு வாரமா எங்க வீட்டுல இதே பேச்சுதான். மகளுக்கு 9 வயசு, மகனுக்கு 4. பள்ளிக்கூட வேன் 4.15-க்கு வாசல்ல இறக்கி விட்டுரும். நான் வேலை முடிஞ்சு வர ஆறரை ஆகும். அதுவரைக்கும் அத்தைதான் துணை. அவங்களுக்கு முழங்கால் வலி, எந்திரிச்சு மேல இருக்கிற டின்னை இறக்க முடியாது. அதனால அடுக்களையில கீழ்த்தட்டைப் பிள்ளைகளுக்குன்னு ஒதுக்கிட்டேன். நாலு எவர்சில்வர் சம்படம்: வறுத்த அவல்ல பொட்டுக்கடலை கலந்தது, வறுத்த நெலக்கடலை, முறுக்கு, கடலைமிட்டாய். பக்கத்துல ஒரு சீப்பு சிறுமலைப் பழம். தோல் சுருங்கினாலும் அது உள்ள கெடாம இருக்கும். சின்னவனுக்கும் திறக்க வரணும்னு, லேசா அழுத்தி மூடுற சம்படமாப் பார்த்து வாங்கினேன். மகளே தட்டு எடுத்துத் தம்பிக்கும் வச்சுக் கொடுக்கிறா. அத்தைக்குத்தான் மனசு ஒப்பல. "கைக்கு எட்டுற எடத்துல பண்டத்தை வச்சா ராத்திரி எவன் சோறு தின்பான்?"ங்கிறாங்க. நான் செஞ்சது தப்பா?

திருமங்கலத்து அப்பத்தா:
தப்புன்னுதான் சொல்லுவேன் தாயி. உன் மேல கோவமில்ல, வேலைக்குப் போற பிள்ளையோட கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா பசிக்குத் திங்கிறதுக்கும் சும்மா வாய்க்குத் திங்கிறதுக்கும் சின்னப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. அத்தோட இன்னொண்ணு. சாயங்காலம் நான் மாவுருண்டை ஒண்ணைக் கையில கொடுத்தாத்தான் என் பேரன் பக்கத்துல உக்காருவான். அதைக் கடிச்சுக்கிட்டேதான் யாரு அடிச்சா, டீச்சர் என்ன சொன்னாங்கன்னு ஒவ்வொண்ணா வரும். சம்படத்துக்கிட்டப் போயி பிள்ளை என்னத்தைப் பேசும்?

திருநகர்வாசி:
அப்பத்தா சொல்ற பாசம் வேற, இது வேற. எங்க வீட்டுல பண்டமெல்லாம் பரண்லதான் இருந்துச்சு. பையன் ஸ்டூல் மேல ஏறி எட்டிப் பிடிச்சு விழுந்து நெத்தியில மூணு தையல். அதுக்கப்புறம்தான் கீழ இறக்கி வச்சோம். முதல் மூணு நாள் சம்படத்தைக் காலி பண்ணிட்டான். ரெண்டாவது வாரத்துல இருந்து அவனே பாதியை வச்சுட்டு விளையாடப் போயிர்றான். எல்லன் சாட்டர்ங்கிற அமெரிக்க உணவியல் நிபுணர் சொல்ற முறை ஒண்ணு இருக்கு. என்ன, எப்ப, எங்கங்கிறதைப் பெரியவங்க முடிவு பண்ணணும். எவ்வளவுங்கிறதைப் பிள்ளைகிட்ட விட்டுரணும். அதைத்தான் இந்த அம்மா செஞ்சிருக்காங்க.

அனுப்பானடி பல் உதவியாளர்:
அண்ணே, நீங்க சொன்ன அந்த முறையிலயே "எப்ப"ன்னு ஒண்ணு வருதுல்ல? நாள் பூரா திறந்து கிடக்கிற தட்டுல அது எங்க இருக்கு? பல் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவ நான். பால்பல் கறுத்துப்போய் அழுதுக்கிட்டு வர்ற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். இனிப்பு உள்ள போனதும் வாயில இருக்கிற கிருமி அதை அமிலமாக்கிரும். அந்த அமிலத்தை எச்சில் தணிக்க அரைமணி நேரத்துக்குக் குறையாம ஆகும். ஒரு கடலைமிட்டாயை உடைச்சு உடைச்சு அஞ்சு தடவை தின்னா, பல்லுக்கு அஞ்சு தடவை அடி. ஒரே மூச்சுல தின்னுட்டு வாய் கொப்பளிச்சா அம்புட்டு இல்ல. கருப்பட்டி, வெல்லம்னாலும் பல்லுக்கு அது சர்க்கரைதான்.

இன்னொண்ணு, அக்கா, இதுதான் முக்கியம். 5 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு முழுக்கடலை கூடவே கூடாது. மூச்சுக்குழல்ல போயி அடைச்சா நேரமே இருக்காது. உங்க சின்னவனுக்கு 4தான்.

வில்லாபுரம் அம்மா:
இதைப் படிச்சதும் கை காலெல்லாம் நடுங்கிருச்சு. போன ஞாயித்துக்கிழமை நானே பார்த்தேன். மகள் கடலையை உள்ளங்கையில வச்சுத் தேய்ச்சு, ஜன்னல் பக்கம் திரும்பித் தோலை ஊதிட்டு, ஒவ்வொண்ணாத் தம்பி வாயில வச்சா. எம்புட்டு பொறுப்பா இருக்கான்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு நின்னேன். கடலைச் சம்படம் இப்பவே மேல ஏறிருச்சு. கடலைமிட்டாயும்தான்.

மேலூர்க்காரன்:
யாராவது சுண்டல் வைங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். காலையில அவிச்சுத் தேங்காய் போட்டு வெளிய வச்சா, சித்திரை வெயிலுக்கு மதியமே ஊசிரும். நாங்க அனுபவப்பட்டுட்டோம்.

திருமங்கலத்து அப்பத்தா:
தாயி, எந்திரிக்கத்தானே உங்க அத்தையால முடியாது? உக்காந்த எடத்துல கொடுக்க முடியும்ல. சம்படங்களை அவங்க கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு முக்காலியில வை. பிள்ளைக அங்க வந்து வாங்கித் திங்கட்டும்.

திருநகர்வாசி:
அப்ப மறுபடியும் பிள்ளை கையேந்தித்தானே நிக்கணும்? 9 வயசுப் பொண்ணு தட்டு எடுத்து, அளவு பார்த்துப் போட்டு, தம்பிக்கும் பங்கு வைக்கிறா. கடலையில நடந்தது நம்ம கவனக்குறைவு, அவ குத்தமில்ல. அதுக்காக அவகிட்ட இருந்து அந்த வேலையைப் பிடுங்கிறாதீங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல.

வில்லாபுரம் அம்மா:
அண்ணே, பிடுங்கல. பொட்டுக்கடலை கலக்காத அவல், முறுக்கு, பழம் கீழ்த்தட்டுலயே இருக்கும். எடுத்து வைக்கிறது அவதான். ஆனா 5 மணிக்குத் தட்டைக் கழுவிக் கவுத்திரணும், அதுக்கு மேல தண்ணி மட்டும்தான். அத்தைகிட்ட இதைச் சொன்னேன். "இனிப்பு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. அப்பத்தா, அந்த மாவுருண்டைப் பக்குவத்தைச் சொல்லுங்க. அது சின்னவனுக்கும் மெல்ல வரும்.

திருமங்கலத்து அப்பத்தா:
பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து மில்லுல கொடுத்து நைசா அரைச்சுக்க. ரெண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு பொடிச்ச சர்க்கரை. நெய்யை உருக்கிச் சூட்டோட ஊத்தி, கை பொறுக்கிற பதத்துல பிடிச்சிரணும். ஆறவிட்டா உதிர்ந்துரும். உங்க அத்தையவே பிடிக்கச் சொல்லு.