புதுப்பிப்பு: அப்பாவின் பட்டன் போனும் ரோமிங்கும்

போன மாதம் எழுதியிருந்தேன்: வெளிநாடு போன அப்பாவின் பட்டன் போனில் சிக்னல் வரவில்லை, சிம்மை வேறு போனில் போட்டால் பாதிப் பெயர்கள் காணவில்லை. இரண்டும் தீர்ந்துவிட்டன.

பெயர்கள் தொலையவே இல்லை. சில எண்கள் சிம்மிலும், மீதி போன் நினைவகத்திலும் கிடந்தன. காண்டாக்ட்ஸ் மெனுவில் 'சிம்முக்கு நகலெடு' கொடுத்தேன். சிம்மில் பெயர் நீளமாக இருந்தால் வெட்டிவிடும். 'மாமா மூத்தவர் வீடு' இப்போது 'மாமா மூத்த' என்று நிற்கிறது. அப்பாவுக்கு அது போதுமாம்.

சிக்னல் விஷயம்தான் படுத்தியது. அமைப்புகளில் நெட்வொர்க் தேர்வு 'கைமுறை'யில் இருந்தது, அதுவும் ஊர் நெட்வொர்க்கில். அதை 'தானியங்கி' ஆக்கியும் பலனில்லை. கடைசியில் பார்த்தால், சிம் நிறுவனத்தின் பக்கத்திலேயே ரோமிங் சேவை (வெளிநாட்டு நெட்வொர்க்கில் நம் சிம் வேலை செய்ய வைப்பது) தொடங்கப்படவில்லை! போனில் எதைத் தட்டினாலும் அது சரியாகாது. கிளம்பும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சிக்கல்: சிக்னல் வந்தும் அழைப்பு போகவில்லை. எல்லா எண்களும் நாட்டுக் குறியீடு இல்லாமல் சேமித்தவை. + போட்டு, நாட்டுக் குறியீட்டோடு திருத்தியதும் போனது. அவர் போனில் நட்சத்திர பட்டனை இரண்டு முறை அழுத்தினால் + வரும். சில போன்களில் 0-வை அழுத்திப் பிடிக்க வேண்டும். இப்படிச் சேமித்த எண் ஊரிலும் வேலை செய்யும், திரும்பி வந்து மாற்ற வேண்டியதில்லை.

ரோமிங்கில் வரும் அழைப்புக்கும் காசு போகலாம் என்று சொன்னதிலிருந்து அப்பா மிஸ்டு கால் மட்டும் கொடுக்கிறார்.