ஃபைபர் பாடி காருக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா? தண்டையார்பேட்டையிலிருந்து கேட்கிறேன்

டால்ஃபின்_வண்டிக்காரன்:
வணக்கம். அப்பா விட்டுப்போன சிபானி டால்ஃபின் ஒன்று ஆறு வருடமாக எங்கள் வீட்டு வாசல் ஷெட்டில் நிற்கிறது. எண்பதுகளில் பெங்களூரில் செய்த வண்டி, பாடி முழுக்க ஃபைபர். எஞ்சினை ஒருவழியாக ஓட வைத்துவிட்டேன், இனி பெயின்ட்தான். ஒரு பட்டறையில் காட்டினேன். அங்கிருந்த பையன் தகர வண்டிக்குத் தடவுகிற ரிமூவரையே பின்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தடவிவிட்டான், பத்து நிமிடத்தில் பெயின்ட்டோடு சேர்ந்து அடியில் இருந்த வெள்ளைப் பூச்சும் கொழகொழவென்று பொங்கி வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் கையிலும் வண்டியைக் கொடுக்க மனம் வரவில்லை. நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்து, ஹார்டனர் கலந்து இறுக வைக்கிற 2கே பெயின்ட் அடிக்கலாம் என்று இருக்கிறேன். கதவுக் கைப்பிடியைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி விரிசல் இருக்கிறது, அதன் மேல் பட்டி வைத்தால் போதுமா? மாடியில் அம்மா இருக்கிறார்கள், அவர்களுக்கு வீசிங் உண்டு. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

காசிமேடு_ஃபைபர்:
தம்பி, நான் போட் வேலை செய்கிறவன், காரானாலும் போட்டானாலும் ஃபைபர் ஃபைபர்தான். அந்த வெள்ளைப் பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர், அதுதான் உன் வண்டிக்குத் தோல். ரிமூவர், ஹீட் கன் இரண்டையும் கிட்டவே கொண்டுவராதே, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தேய்க்கும் முன் ஷாம்பு போட்டுக் கழுவி, மெழுகு போகத் துடைத்துவிடு, இல்லையென்றால் பழைய பாலிஷை நீயே உப்புத்தாளால் உள்ளே அழுத்தி ஏற்றிவிடுவாய்.

விரிசல் மேல் பட்டி வைத்தால் ஆறு மாதத்தில் அதே வலை திரும்ப மேலே வரும். ஐந்து ரூபாய் நாணயத்தால் சுற்றிலும் தட்டிப் பார். நல்ல இடம் டக் டக்கென்று கேட்கும், உள்ளே மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடம் முழுவதையும் சரிவாகத் தேய்த்து எடுத்து, மேட்டும் அதை ஊறவைத்து இறுக்குகிற ரெசினும் வைத்து, அதற்கு மேல்தான் பட்டி. ரெசின் 100 கிராமுக்கு அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் 1 முதல் 2 கிராம், நம் ஊர் வெயிலுக்கு 1 போதும். ஒரே மக்கில் நிறையக் கலக்காதே, சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். இதை மட்டும் மறக்கவே மறக்காதே: ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது, வெடித்துவிடும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டுக் கண்ணில் பட்டாலும் பார்வையே போய்விடலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதே.

தூசிக்கு என்95 மாஸ்க், முழுக்கைச் சட்டை. வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் தேய்க்காமல் கழுவு, உடம்பைத் தேய்த்தாயோ கண்ணாடித் தூள் தோலில் ஏறி ராத்திரி முழுக்க அரிக்கும். தண்ணீர் விட்டுத் தேய்க்கிற தண்ணி பேப்பர் போட்டால் தூசி அடங்கும், ஆனால் ஜெல்கோட் போய் மேட் தெரிகிற இடத்தில் போடாதே, அது தண்ணீரைக் குடித்துவிடும். பெயின்ட் அடித்த பிறகு வெயில் பட்டால் அந்த ஈரம்தான் கொப்புளமாக எழும்பும். நம் பக்கம் உப்புக்காற்று வேறு. மாசி, பங்குனியில் வைத்துக்கொள், ஐப்பசி, கார்த்திகையில் தொடாதே.

பெரம்பூர்_ஸ்பிரே:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. 2கே பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பதினெட்டு வருடம் மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு அடித்தவன் நான், பாதி நாள் அதுவும் கிடையாது. இப்போது பட்டறையின் அந்தக் கோடியில் யாராவது டின்னைத் திறந்தால்கூட எனக்கு நெஞ்சு இறுகிவிடுகிறது. ஒருமுறை உடம்பு அதற்குப் பழகாமல் முறுக்கிக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமாதான் என்று டாக்டர் சொன்னார். வாசனையை வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மூக்குக்குத் தெரிகிற அளவு வருமுன்பே கெடுதல் நடந்துவிடும். கடையில் விற்கிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை நம்பி 2கே ஸ்பிரே செய்யக் கூடாது, குழாய் வழியாக வெளியிலிருந்து நல்ல காற்று வருகிற மாஸ்க் வேண்டும், கையும் கண்ணும் மூடியிருக்க வேண்டும். வாசல் ஷெட்டில் அடித்தால் அந்தப் புகை நேராக மாடிக்குத்தான் போகும். அம்மாவுக்கு வீசிங் என்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம்.

பட்டி, தேய்ப்பு, எபாக்சி பிரைமர் வரை நீங்களே செய்யுங்கள். பிரைமரை ரோலரில் உருட்டலாம், கையுறை கட்டாயம். சில பிரைமர் ஹார்டனரிலும் ஐசோசயனேட் உண்டு, டின்னில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்துக் கடல்காற்று ஏறும் முன் முடித்துவிடுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும், அதனால் பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. கடைசிக் கோட்டை மட்டும் ஸ்பிரே பூத், அதாவது பெயின்ட் அடிக்கிற மூடிய அறை, இருக்கிற இடத்தில் அடியுங்கள். ஃபைபர் வண்டி, ஹீட் ஏற்ற வேண்டாம், தானாகக் காயட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கறுப்பு மாதிரி அடர்ந்த நிறமும் வேண்டாம், சென்னை வெயிலில் சூடு வாங்கி மேட்டின் இழைத் தடம் மேலே தெரிய ஆரம்பிக்கும்.

மணலி_ரைடர்:
நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

டால்ஃபின்_வண்டிக்காரன்:
அப்பா வைத்திருந்த அதே கிரீம் நிறம்தான், மாற்றப் போவதில்லை. பெரம்பூர் அண்ணா, உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கம்ப்ரஸர்காரருக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காசிமேடு அண்ணே, நாணயத்தால் தட்டிப் பார்த்தேன், இடதுபக்கக் கதவில் ஒரு சாண் அகலத்துக்குப் பொத்தென்று கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவை மட்டும் கழற்றி உங்களிடம் எடுத்து வரலாமா?

காசிமேடு_ஃபைபர்:
கொண்டு வா தம்பி. போட் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கரை மேலேதான் நிற்கும். கழற்றும்போது கீல் போல்ட்டை முறுக்கி இழுக்காதே, அந்த இடத்து ஃபைபர்தான் முதலில் கிழியும்.