பம்ப் ஆஃப் ஆகும்போது ஈஎஸ்பி32 ரீசெட் ஆகிறது

கேள்வி:
ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, பம்ப்பை ஆன்-ஆஃப் செய்ய 5 வோல்ட் ரிலே, 12 வோல்ட் டிசி பம்ப். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 7805 ரெகுலேட்டர் வழியாக போர்டுக்கு 5 வோல்ட். ஜிபிஐஓ 12 பின், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக ரிலே ஓடுகிறது. ரிலே காயிலுக்கு 1என்4007 டயோடு போட்டிருக்கிறேன். பம்ப் நிற்கும்போது பத்துக்கு மூன்று முறை ரீசெட். பம்ப்பைக் கழற்றிவிட்டால் பிரச்சினையே இல்லை. 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் உதவவில்லை.

பதில் 1:
பம்ப்பைக் கழற்றிப் பார்த்தீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. காயில் டயோடு காயிலை மட்டும்தான் அடக்கும். ரிலே கான்டாக்ட் திறந்ததும் மோட்டார் சுருளின் கரண்டுக்குப் போக வழியில்லாமல் வோல்டேஜ் எகிறி, கான்டாக்டில் பொறி பறக்கிறது. அந்த இரைச்சல் பக்கத்து வயர்களில் ஏறிவிடும். பெரிய எலக்ட்ரோலிடிக் அவ்வளவு வேகமான துடிப்பைப் பிடிக்காது.

பம்ப் முனைகளிலேயே ஒரு 1என்5408 டயோடு போடுங்கள், கோடு போட்ட பக்கம் பிளஸில். கூடவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். பம்ப்பின் மைனஸ் வயர் பிரெட்போர்டு வழியாக வரக்கூடாது, நேராக அடாப்டருக்குப் போகட்டும்.

சீரியல் மானிட்டரில் (115200) என்ன வருகிறது? 'பிரவுன்அவுட்' என்றால் சப்ளை இறங்குகிறது. 'பவர்ஆன் ரீசெட்' மட்டும் என்றால் ஈஎன் பின்னில் (போர்டை ரீசெட் செய்யும் பின்) இரைச்சல் ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள்.

பதில் 2:
ஜிபிஐஓ 12 வேண்டாம். பூட் ஆகும் நேரத்தில் அது ஹை-யாக இருந்தால் புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட்தான் போகும், போர்டு எழாது. 26 அல்லது 27-க்கு மாற்றுங்கள். 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான்.

5 வோல்ட் ரிலே காயில் சுமார் 70 மில்லியாம்ப் இழுக்கும். 1 கிலோ ஓமில் பேஸுக்கு 2.6 மில்லியாம்ப்தான் கிடைக்கிறது, டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்காமல் போகலாம். 470 ஓம் போடுங்கள். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 10 கிலோ ஓம். 7805-இல் 7 வோல்ட் வெப்பமாகவே போகிறது: 200 மில்லியாம்ப் இழுத்தால் 1.4 வாட். வெப்பம் குறைவாக வரும் பக் கன்வர்ட்டர் நல்லது.

கேட்டவர்:
பவர்ஆன் ரீசெட்தான் வந்தது. டயோடு, ஈஎன் கெப்பாசிட்டர் இரண்டும் போட்டபின் 50 முறை ஆன்-ஆஃப் செய்தேன், ஒரு ரீசெட்கூட இல்லை. நன்றி. 230 வோல்ட் 1 எச்பி மோட்டாருக்கும் இதே டயோடுதானா?

பதில் 1:
கூடவே கூடாது! ஏசியில் அந்த டயோடு ஒரு அரைச்சுற்றில் நேர் ஷார்ட். அந்த மோட்டாரை இந்தச் சின்ன ரிலேயில் நேரடியாக மாட்டவும் வேண்டாம். ரிலேயில் எழுதியிருக்கும் 10 ஆம்ப் ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு, கான்டாக்ட் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடும். ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டாருக்கான பெரிய ரிலே) காயிலை மட்டும் இயக்கட்டும். அந்தக் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸ் ஏசிக்கான) கெப்பாசிட்டரும் சீரிஸில்.